துறைகளுக்குள் அடங்காத கரை

சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தத்துக்கு ஒரு துறை இருக்கிறது. வைணவத்துக்கு ஒன்று இருக்கிறது. ஜைனத்துக்கு ஒன்று, கிறிஸ்தவத்துக்கு ஒன்று, இஸ்லாத்துக்கு ஒரு மையம் என்று, இம்மண்ணில் பிறந்தவையும் வந்து குடியேறியவையுமான சமயங்கள் தத்தமக்குரிய அறைகளில் அமர்ந்து, தத்தம் நூல்களைப் பயின்றும் பயிற்றுவித்தும் வருகின்றன. இந்த ஏற்பாட்டைக் குறை கூறிக் கைதட்டல் வாங்குவது என் நோக்கமன்று. ஒரு சமயத்தின் சாஸ்திரங்களை அவற்றின் பாஷையிலும் பரிபாஷையிலும் ஊன்றிக் கற்க விரும்புகிறவனுக்கு இத்தகைய தனித்துறைகள் இன்றியமையாதவை. ஆனால் சாயர்புரத்தில் பிறந்து, அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே வாத்தியாராகக் காலம் கழித்து, ஓய்வு பெற்றபின் வேறொரு சர்வகலாசாலையில் பாரம்பரியமும் சமயமும் பற்றிய முதுகலை வகுப்பில் சேர்ந்து, பேரப்பிள்ளைகளின் வயதுடையவர்களோடு பெஞ்சியில் உட்கார்ந்து பரீட்சை எழுதித் தேறியிருக்கிற என்னிடம், "இந்தப் படிப்பினால் தாங்கள் கண்ட பிரயோஜனம் என்ன?" என்று யாரேனும் வினவினால், என் சொந்த ஊரைப் பற்றி விசாரிக்க எந்தத் துறையின் கதவைத் தட்டுவது என்று விளங்காமல் நின்றதே முதற் பிரயோஜனம் என்று சொல்லத் தோன்றுகிறது.

எங்கள் ஊரின் கதை பெரிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாமுவேல் சாயர் என்ற வியாபாரி, புதிதாக வேதத்தில் சேர்ந்து இருந்த இடத்தில் இருக்கமுடியாமல் தவித்த குடும்பங்களுக்காக நிலம் வாங்கிக் கொடுக்க, அவர் பெயராலேயே ஊர் எழுந்தது. ஊரையடுத்த செம்மணல் தேரியில் கற்கால மனிதன் விட்டுச்சென்ற நுண்கற்கருவிகளை 1956-இல் ஸாய்னர், ஆல்ச்சின் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் உலகுக்கு எடுத்துச் சொன்னார்கள் என்பதை எங்களூர்ப் பள்ளிப் பிள்ளைகளில் பலர் அறியார், ஜி. யு. போப் இங்கே இருந்தார் என்பதை மட்டும், ஊரில் அவர் பெயரால் ஒரு கல்லூரி இருப்பதனால், எல்லாரும் அறிவார்கள்.

கானடா தேசத்தின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் 1820-இல் பிறந்த போப், 1842-இல் சாயர்புரத்துக்கு வந்து, இங்கே ஒரு குருமடத்தை நிறுவி, பனையேறிகளின் பிள்ளைகளுக்குக் கிரேக்கமும் லத்தீனும் கற்பிக்கத் துணிந்தவர். பிரம்பைத் தாராளமாக உபயோகித்தவர் என்ற கீர்த்தியும் அவருக்கு உண்டு. அவர் இவ்வூரை விட்டுச் சென்ற சில ஆண்டுகளுக்கெல்லாம், 1853-இல், கால்டுவெல்லின் தேர்வினால் அதே கல்விச்சாலைக்குத் தமிழ்ப் பண்டிதராக வந்து சேர்ந்தார் ஓர் இளைஞர். வைஷ்ணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். கம்பனிலும் ஆழ்வார்களிலும் ஊறியவர். பெயர் கிருஷ்ண பிள்ளை. நெற்றியில் நாமத்தோடு கிறிஸ்தவ மாணாக்கர்களுக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்த அவர், 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். இங்கிலாந்தில் 1678-இல் பன்யன் எழுதிய பரதேசியின் மோட்சப் பிரயாணக் கதையை எடுத்துக்கொண்டு, அதைக் கம்பனின் விருத்த நடையில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களாக விரித்து, 1894-இல் 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காவியமாக வெளியிட்டார்.

இப்போது இவ்விருவரையும் எதிரெதிரே நிறுத்திப் பாருங்கள். ஆங்கிலிக்கன் குருவான போப், திருக்குறளையும் நாலடியாரையும் மொழிபெயர்த்து முடித்து, முதுமையில் ஆக்ஸ்போர்டில் இருந்துகொண்டு, மாணிக்கவாசகரின் திருவாசகத்தை ஆங்கிலமாக்கி, 1900-ஆம் வருஷம் தம் எண்பதாவது பிறந்தநாளன்று அதன் முன்னுரைக்குக் கையொப்பமிடுகிறார். வைஷ்ணவராய்ப் பிறந்த கிருஷ்ண பிள்ளை, கிறிஸ்துவின் பாடுகளைக் கம்பன் தந்த சந்தத்தில் பாடிவிட்டு, அதே 1900-இல் காலமாகிறார். ஒரே பள்ளிக்கூடத்தின் வாசலில் சில ஆண்டுகள் முன்பின்னாக ஏறி இறங்கிய இருவரில், ஒருவர் சைவத்தின் இதயத்தை மேல்நாட்டுக்குக் கொண்டு போனார். மற்றவர் மேல்நாட்டுப் பியூரிட்டன் ஒருவரின் கற்பனையை வைஷ்ணவக் காவிய மரபுக்குள் கொண்டு வந்தார். போப்பைச் சைவ சித்தாந்தத் துறையில் படிப்பதா, கிறிஸ்தவத் துறையில் படிப்பதா? கிருஷ்ண பிள்ளையை எங்கே வைப்பது? கிறிஸ்தவர்களாகிய நாம் அவருக்குக் 'கிறிஸ்தவக் கம்பர்' என்று பட்டம் சூட்டிப் பெருமைப்படுகிறோம். அந்தப் பட்டத்தின் பின்பாதிக்கு உரிய படிப்பை நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? தமிழ்த்துறைக்காரரோ அவரை 'சமய இலக்கியம்' என்ற தலைப்பின் கீழ் ஒரு வினாவுக்கு உரியவராக்கி ஐந்து மதிப்பெண் கொடுத்து அனுப்பிவிடுகிறார்.

என் வகுப்பில் ஒரு கன்னியாஸ்திரீ இருந்தார். ஆலிம் பட்டம் பெற்ற ஓர் இளைஞர் இருந்தார். அறநிலையத் துறைத் தேர்வுக்கு ஆயத்தம் செய்துகொண்டே படித்த பெண்கள் இருந்தார்கள். எந்த மதமும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு, எங்கள் எல்லாரையும்விட அதிகமாகக் கோயில் கோயிலாகச் சுற்றிய ஒரு பெரியார் தொண்டரும் இருந்தார். சமயத்தைப் படிக்கிறவன் தன் விசுவாசத்தை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும் என்பது முதற்பருவத்தில் எங்களுக்குப் போதிக்கப்பட்ட பாலபாடம். இந்தக் கொள்கை எனக்கு இன்றும் சம்மதமில்லை. போப்பைப் போலவே கானடாவில் பிறந்து, 1940-களில் லாகூரில் ஆசிரியராக இருந்த வில்பிரட் காண்ட்வெல் ஸ்மித் என்ற அறிஞர், ஒரு சமயத்தைப் பற்றி நாம் சொல்லும் வாக்கியத்தை அந்தச் சமயத்தார் கேட்டு 'ஆம், இது நாங்கள்தாம்' என்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற கருத்துப்பட ஒரு நியாயத்தை வகுத்தார். இதுவே மேலான விதி என்பது என் அபிப்பிராயம். விசுவாசத்தைக் கழற்றி வைப்பது சுலபம். அடுத்தவனுடைய விசுவாசத்தை அவன் முகம் சுளிக்காதபடி எடுத்துச் சொல்லுவதுதான் கஷ்டம். கன்னியாஸ்திரீ வைஷ்ணவரின் பிரபத்தியைப் பற்றியும், ஆலிம் திருச்சபையின் தேவதிரவிய அனுமானங்களைப் பற்றியும் கட்டுரை வாசித்தபோது, எதிரே அமர்ந்திருந்த அந்தந்தச் சமயத்தார் கேட்ட கேள்விகளால் நான் கற்றுக்கொண்டது பாடப்புத்தகத்தில் இல்லை.

ஆயினும் படிப்பின் உயிர் களப்பணியில் இருந்தது. நான் எடுத்துக்கொண்ட விஷயம் முத்துக்குளிப்பைச் சூழ்ந்த சமய ஆசாரங்கள். முத்துச் சலாபம் என்று எங்கள் கரையில் சொல்லப்பட்ட அந்தப் பெருந்தொழில் 1961-உடன் நின்றுபோயிற்று. சிப்பி விளையும் பார்களின் பெயர்கள் மட்டும் கிழவர்களின் வாயில் எஞ்சியிருக்கின்றன. சங்கு குளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சலாப காலத்தில் குளியாளிகள் கடலில் இறங்குமுன், சுறாவின் வாயைக் கட்டுவதற்கென்று பரம்பரை உரிமை பெற்ற ஒருவர் கரையிலோ தோணியிலோ இருந்து மந்திரம் சொல்ல வேண்டும். அவருக்குக் கடல்கட்டி என்று பெயர். அவர் இல்லாமல் எந்தக் குளியாளியும் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கமாட்டான் என்பதனால், அரசாங்கமே அவரை வைத்துக் காப்பாற்ற வேண்டியிருந்தது. இலங்கையில் உத்தியோகம் பார்த்த எமர்ஸன் டென்னண்ட் 1859-இல் வெளியிட்ட தம் நூலில், எதிர்க்கரையின் சலாபத்தை வர்ணிக்கையில், அந்தக் காலத்துக் கடல்கட்டிக் குடும்பத்தின் தலைவர் ரோமன் கத்தோலிக்கர் என்பதையும், மந்திரத்தின் வலிமை அதைச் சொல்பவரின் மதத்தைச் சார்ந்ததென்று யாரும் கருதவில்லை என்பதையும் குறித்துவைத்திருக்கிறார்.

இந்தச் செய்தியைத் தூத்துக்குடித் திரேஸ்புரத்தில் சங்கு குளித்து ஓய்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம் நான் வியப்போடு சொல்லி, "ஒரு வேதக்காரர் எப்படி அண்ணாச்சி மந்திரம் போட்டிருப்பார்?" என்று கேட்டேன். அவர் பீடியைத் தட்டிவிட்டு, "என்ன சார்வாள், இவ்வளவு படிச்சிட்டுக் கேக்கீய? சுறா வந்து, நீ வேதக்காரனா, இந்துவான்னு விசாரிச்சிட்டா கடிக்கும்?" என்றார்.

மதம் ஒன்றாயிருந்து ஆசாரம் வேறாயிருப்பது கலப்படம் என்றும், அறியாமை என்றும், சென்ற நூற்றாண்டில் பாதிரிமாரும் எழுதினார்கள், பண்டிதர்களும் எழுதினார்கள். பாடத்திட்டம் வகுப்பவர்களின் மனத்திலும் அந்த எண்ணம் ஒளிந்திருப்பதாகவே எனக்குப் படுகிறது. தூத்துக்குடிப் பனிமய மாதா ஆலயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1535-ஐ ஒட்டிப் போர்த்துகீசியரின் துணையை நாடிப் பரதவர்கள் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்து அவர்களுக்குச் செபங்களைத் தமிழில் சொல்லிக்கொடுத்தார். இப்போதுள்ள ஆலயம் 1713-இல் அபிஷேகம் செய்யப்பட்டது. 1982-இல் பசிலிக்கா என்ற அந்தஸ்தைப் பெற்றது. வருஷந்தோறும் ஆகஸ்ட் ஐந்தாம் தேதி திருவிழா. விசேஷ காலங்களில் மாதா தங்கத் தேரில் வீதி வருகிறாள். தேரும், வடமும், கொடியேற்றமும், முதல் மரியாதைக்கான உரிமையும், அதன் நடுவே அரசனைப் போல் நின்ற ஜாதித் தலைவரும் ஆகிய இவற்றையெல்லாம் ஆராய்ந்து, சூசன் பெய்லி என்னும் கேம்பிரிட்ஜ் அறிஞர் 1989-இல் வெளியிட்ட நூல், தென்னாட்டுச் சமயத்தைப் படிப்போர் உலகெங்கும் கையில் வைத்திருக்கும் நூல். அந்த அம்மையார் கேம்பிரிட்ஜிலிருந்து வந்து பார்த்ததைப் பார்க்க, பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவிலிருக்கிற நம் பிள்ளைகளுக்குப் பாடத்திட்டத்தில் இடமில்லை.

இன்னும் அருகே போகலாம். ஏரலில், அவ்வூரின் சேர்மனாக இருந்து 1908-இல் இளவயதில் காலமான அருணாசலம் என்பவர் இன்று தெய்வம். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் தாமிரபரணிக் கரை கொள்ளாத ஜனக்கூட்டம். ஸ்தல ஸ்தாபனங்களின் தலைவர்கள் மக்களிடம் பெறக்கூடிய வேறுவகை நினைவுகளையே கண்டு பழகிய நமக்கு இது ஆறுதலான செய்தி என்பது ஒருபுறமிருக்க, நூறாண்டுக்கு முன் வாழ்ந்த ஒரு மனிதர் எவ்வாறு தெய்வமாகிறார் என்பதைச் சாட்சியங்களோடு ஆராய்வதற்கு இதைக்காட்டிலும் வாய்ப்பான இடம் உண்டா? ஆற்றின் வழியே மேலே சென்றால் நம்மாழ்வாரின் ஆழ்வார்திருநகரியும், வைகாசியில் ஒன்பது பெருமாள்களும் அங்கே கூடிவந்து கருடவாகனத்தில் நிற்கும் காட்சியும். கீழே வந்தால், பாண்டியரின் துறைமுகமாயிருந்து இன்று கடலை விட்டு விலகி வயலும் வாழையுமாய்க் கிடக்கும் கொற்கை. அப்பால் அண்டிரிக் அடிகளாரின் 'அடியார் வரலாறு' 1586-இல் அச்சேறியதாகக் கருதப்படும் புன்னைக்காயல். அரபு எழுத்தில் தமிழை எழுதிய காயல்பட்டினம். ஒரே ஆற்றின் கடைசிச் சில காதங்களுக்குள் அடங்கிய இவற்றைப் படிக்க ஒரு மாணவன் இன்று நான்கு துறைகளில் நான்கு பட்டங்கள் பெற வேண்டும்.

ஆகவே நான் சொல்ல வருவது இதுதான். சமயத்தைச் சமயவாரியாகப் படிப்பதற்கு நம்மிடம் இடங்கள் உள்ளன. பிரதேசவாரியாகப் படிப்பதற்கு ஓர் இடம் வேண்டும். அது இந்தக் கரையிலேயே இருக்க வேண்டும். இத்தகைய முயற்சிக்கு முன்மாதிரி இல்லாமலில்லை. பஞ்சாபில் பாட்டியாலா சர்வகலாசாலை 1967-இலேயே சமயங்களை ஒப்புநோக்கிப் படிக்கும் துறையை நிறுவிற்று. அதே வருஷம் இங்கிலாந்தில் லாங்காஸ்டரில் நீனியன் ஸ்மார்ட் அத்தகைய துறையைத் தொடங்கினார். நமக்கு அருகிலோ, பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறை, ஏட்டில் இல்லாத பாரம்பரியத்தையும் பட்டப்படிப்பாக்கலாம் என்று காட்டியிருக்கிறது. நா. வானமாமலை 'ஆராய்ச்சி' என்ற பத்திரிகையைச் சுற்றி ஒரு பரம்பரையையே உருவாக்கினார், தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஆ. சிவசுப்பிரமணியன், கிறிஸ்தவமும் சாதியும் இக்கரையில் பின்னிக்கிடக்கும் விதத்தை ஆவணமும் வாய்மொழியும் கொண்டு எழுதினார். ஜோ டி குருஸ் 'கொற்கை' நாவலுக்காக 2013-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். ஆட்கள் இல்லை என்று சொல்ல வழியில்லை.

இரண்டு ஆட்சேபணைகள் எழும். மதச்சார்பற்ற அரசாங்கத்தின் பணத்தில் மதத்தைக் கற்பிக்கலாமா என்பது ஒன்று. முழுவதும் அரசுப் பணத்தில் நடக்கும் கல்விச்சாலையில் மதபோதனை கூடாது என்று அரசியல் சாசனத்தின் 28-ஆம் ஷரத்து சொல்லுவது மெய்; மதங்களைப் பற்றிக் கற்பது அந்தத் தடைக்குள் வராது என்று 2002-இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. அதற்கும் வெகுகாலம் முன்பே, 1949-இல் ராதாகிருஷ்ணன் கமிஷன், கலாசாலை மாணவர்கள் புத்தர் முதல் காந்தி வரை ஞானிகளின் வாழ்க்கையைப் பயில வேண்டுமென்று சிபாரிசு செய்திருந்தது. மற்ற கமிஷன் சிபாரிசுகளுக்கு நேர்ந்த கதி அதற்கும் நேர்ந்தது.

இரண்டாவது ஆட்சேபணை பலமானது: இந்தப் பட்டத்துக்கு வேலை கிடைக்குமா? என் வகுப்புத் தோழர்களின் பெற்றோர் இதை என்னிடமே கேட்டார்கள். வயது சென்றவன் என்பதனால் உண்மை சொல்வேன் என்று எதிர்பார்த்தார்கள் போலும். ஆசிரியர் உத்தியோகம் கிடைப்பது அரிது என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் இந்த ஜில்லாவில் பாரம்பரியத்தின் பெயரால் அரசாங்கம் இன்று செலவிடுவது சொற்பமன்று. ஆதிச்சநல்லூரில் அகழ்ந்த குழிகளின் மீதே கண்ணாடி பரப்பிக் காட்சிப்படுத்தியிருக்கிறார்கள். சிவகளையில் கிடைத்த இரும்பு கி.மு. நாலாம் ஆயிரத்தாண்டைச் சேர்ந்ததென்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிக்கை வெளியிட்டது. பூமிக்கடியில் கிடந்த தாழிக்கு இவ்வளவு சிரத்தை காட்டுகிற நாம், பூமிக்கு மேலே உப்புக்காற்றில் பொடிந்துகொண்டிருக்கும் பழைய பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளுக்கும், கோயில் கணக்குகளுக்கும், அரபுத் தமிழ்க் கையெழுத்துப் பிரதிகளுக்கும் அதில் நூற்றிலொரு பங்கு காட்டினாலே, படித்தவர்க்குச் சில தலைமுறைகளுக்கு வேலை இருக்கும். என்னுடன் படித்த கன்னியாஸ்திரீ இப்போது தம் மடத்தின் பழைய தஸ்தாவேஜுகளை வருஷவாரியாக அடுக்கிப் படியெடுத்துக்கொண்டிருக்கிறார், சம்பளமில்லாத வேலைதான், ஆனால் அவர் செய்யாவிட்டால் செய்ய வேறு ஆள் இல்லை.

பாடத்திட்டத்தில் நான் விட்டுக்கொடுக்காத அம்சம் பாஷைகள். திருச்செந்தூரில் பாண்டியன் வரகுணன் ஆயிரத்து நானூறு பொற்காசுகளை ஊர்ச்சபைகளிடம் முதலாக வைத்து, வட்டியைக்கொண்டு முருகனுக்கு நித்திய பூஜை நடக்க ஏற்பாடு செய்த ஒன்பதாம் நூற்றாண்டுச் சாசனம் வட்டெழுத்தில் இருக்கிறது. சவேரியாருக்குப் பின்வந்த சேசுசபையாரின் கடிதங்கள் போர்த்துகீசியத்தில் இருக்கின்றன. 1658-இல் தூத்துக்குடியைக் கைப்பற்றி ஒன்றரை நூற்றாண்டு போல முத்தையும் சங்கையும் கணக்கிட்ட டச்சுக்காரரின் ஏடுகளில் ஒரு பகுதி சென்னை ஆவணக் காப்பகத்திலேயே இருக்கிறது. இவற்றுள் ஒன்றையேனும் மூலத்தில் படிக்கத் தெரியாதவனுக்குப் பாரம்பரியத்தில் முதுகலைப் பட்டம் வழங்குவது, அவனையும் ஏமாற்றி நம்மையும் ஏமாற்றிக்கொள்ளுவதாகும். பிரம்பைப் பற்றி என்ன சொன்னாலும், தேரிக்காட்டுப் பிள்ளைக்குக் கிரேக்கம் வரும் என்று நம்பிய விஷயத்தில் போப் சரியாகவே நம்பினார்.

திருநெல்வேலியிலுள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் மனம் வைத்தால், போப் கல்லூரியும் வ.உ.சி. கல்லூரியும் தூய சவேரியார் கல்லூரியும் சேர்ந்து இதை நடத்தலாம். முதுகலை உடனே இயலாதென்றால் ஓராண்டுப் பட்டயப் படிப்பாகத் தொடங்கட்டும். புதுக் கட்டடம் வேண்டாம். திறப்பு விழாவும் வேண்டாம். வட்டெழுத்து அறிந்த ஒருவரும், போர்த்துகீசியமோ டச்சோ அறிந்த ஒருவரும், அரபுத் தமிழ் படிக்கத் தெரிந்த காயல்பட்டினத்துப் பெரியவர் ஒருவரும், சங்கு குளிக்கும் பருவத்தில் வகுப்பைத் திரேஸ்புரத்துக் கடற்கரையில் நடத்தச் சம்மதிக்கிற ஒரு பிரின்ஸிபாலும் இருந்தால் வருகிற ஜூன் மாதமே ஆரம்பித்துவிடலாம்.